குடித்தனத்தில் கிரமமும் இனிமையும்

பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினராயுள்ள எந்தக் குடியானவரையும் அவர் வீட்டுப் பசுவின் நித்தியப் பழக்கங்களைப் பற்றிக் கேட்டால் தடையின்றி விடை வரும். இன்ன நேரத்தில் தீனி, இன்ன நேரத்தில் தண்ணீர், இன்ன நேரத்தில் கறவை என்று விரல் மடித்துச் சொல்வார். அதே குடியானவரை, அவர் வீட்டு அம்மாள் எத்தனை மணிக்கு உறங்கப் போகிறாள், எத்தனை மணிக்கு எழுகிறாள், பகலில் எப்பொழுது உண்கிறாள் என்று கேட்டால் சற்றே தயங்குவார். பெரும்பாலும், "வேலை முடிந்ததும் சாப்பிடுவாள்" என்பதே விடையாக இருக்கும். அவ்வேலை எப்பொழுது முடியும் என்பது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இந்தப் பாடம் அந்த வேலையைப் பற்றியது.

பசுவுக்கு மாத்திரம் இவ்வளவு கிரமம் வாய்த்ததன் காரணம் யாவரும் அறிந்ததே. கிரமம் தவறினால் பால் குறைகிறது. பால் குறைந்தால் பணம் குறைகிறது. மடியைக் கழுவித் துடைத்த சிறிது நேரத்தில் பசு பாலைச் சுரந்து விடுகிறது. அவ்வாறு சுரக்கச் செய்யும் ஹார்மோனின் வேகம் ஏறக்குறைய 5 முதல் 8 நிமிஷம் வரையிலுமே நிற்கும். அதற்குள் கறந்து முடிக்கவேண்டும். கறக்கும் சமயத்தில் நாய் குரைத்தாலும், அந்நியர் அதட்டினாலும், பசு மிரண்டு பாலை அடக்கிக் கொள்ளும். ஆகவே கறவைச் சமயத்தில் தொழுவத்தில் எவரும் உரத்துப் பேசுவதில்லை. மனிதரும் இரத்தமும் தசையும் உடையவரே. எனினும் அடுப்படியில் இருப்பவளை ஏக காலத்தில் நான்கு பேர் நான்கு காரியங்களுக்கு அழைப்பதை ஒருவரும் பிழையாக எண்ணுவதில்லை. அங்கே குறைவது லிட்டர்க் கணக்கில் தெரியாததே அதற்குக் காரணம்.

2004-ஆம் வருஷத்தில் தர்மபுரி ஜில்லாவினின்று பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி ஜில்லாவில் இவ்விஷயம் மற்ற இடங்களினும் கடினமாகியிருக்கிறது. 1971-இல் நிறுவப்பட்ட சிப்காட் என்னும் அரசாங்க ஸ்தாபனம் கர்நாடக எல்லைக்கருகில் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. அதன்பின் மோட்டார் வாகனம், இயந்திர உறுப்பு முதலியவற்றைச் செய்யும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்பட்டன. 1984-இல் தொடங்கப்பெற்ற டைட்டன் கம்பெனியின் கடிகார ஆலையும் இங்கேயே அமைந்தது. தேசத்துக்கெல்லாம் கடிகாரம் செய்து அனுப்பிய ஊரைச் சுற்றியுள்ள வீடுகளில் நேரம் போதவில்லை என்ற குறை ஓயாமல் கேட்பது ஒரு விநோதமே. 2020-க்குப் பின்னர் கைப்பேசியின் பாகங்களைச் செய்யும் ஆலையும் வந்து, ஆயிரக்கணக்கான பெண்களும் ஆலை வேலைக்குச் செல்லலாயினர். ராயக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரி, பாகலூர்ப் பக்கங்களில் ஒரே வீட்டில் ஒருவர் ஆலையிலும், ஒருவர் ராகிக் காட்டிலும், ஒருவர் ரோஜாத் தோட்டத்திலும், மாடு தொழுவத்திலுமாகக் குடித்தனம் நடப்பது இப்பொழுது சாதாரணம்.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்க. கணவன் ஆலையில் வேலை செய்பவன். மனைவி இரண்டு பசுக்களையும், ஓர் ஏக்கர் மானாவாரியையும் கவனிப்பவள். மாமியார் வயோதிகர், ஆனால் நடமாட்டம் உள்ளவர். பெண் குழந்தை 8-ஆம் வகுப்பு, பையன் 3-ஆம் வகுப்பு. ஆலையில் வாரத்துக்கு ஒரு ஷிப்டாக மூன்று ஷிப்டுகள் சுழன்று வருகின்றன: காலை 6 முதல் பகல் 2 வரை, பகல் 2 முதல் இரவு 10 வரை, இரவு 10 முதல் காலை 6 வரை.

முதல் ஷிப்டு வாரத்தில் கம்பெனி பஸ் ஊர் முனைக்கு 5 மணிக்கு வந்துவிடும். அவன் புறப்படுமுன் கூழோ காப்பியோ தர மனைவி 4 மணிக்கு எழுகிறாள். இரண்டாவது ஷிப்டு வாரத்தில் அவன் வீடு சேர இரவு 11 ஆகும். அவனுக்குப் பரிமாறிப் பாத்திரம் கவிழ்த்து அவள் படுக்க 11-45. மறுநாள் காலை 4-30-க்குத் தொழுவம். மூன்றாவது ஷிப்டு வாரத்தில் அவன் காலை 7 மணிக்கு வந்து, உண்டு, பகலில் உறங்குகிறான். அவன் கண்விழிக்கும் வேளைக்கு மறுபடி சூடாக உணவு வேண்டும். அதுவரை வீட்டில் அம்மியை நகர்த்தக்கூடாது. இவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். கணவன் வாரத்துக்கு ஒரு ஷிப்டுதான் பார்க்கிறான்; ஷிப்டு மாறும்போது அவனுடைய உறக்க நேரமும் மாறுகிறது. மனைவியோ கணவனுடைய ஷிப்டு, பள்ளிக்கூடத்தின் ஷிப்டு, பசுவின் ஷிப்டு ஆகிய மூன்றையும் எல்லா வாரங்களிலும் சேர்த்தே பார்க்கிறாள். கணவனது ஷிப்டு மாறினாலும் பசுவும் பள்ளியும் மாறுவதில்லை. இரண்டாவது ஷிப்டு வாரத்தில் அவளுடைய உறக்கம் 4¾ மணி நேரமே.

இது ஏதோ ஒரு வீட்டின் கதையன்று. மத்திய அரசாங்கத்தின் புள்ளிவிவர இலாகா 2019-இலும் மறுபடி 2024-இலும் தேசமெங்கும் ஜனங்கள் நாளைச் செலவிடும் விதத்தைக் கணக்கெடுத்தது. 2024-இல் கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதில் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிஷமும், ஆண்கள் 88 நிமிஷமும் செலவிட்டனர். அந்த 88 நிமிஷமும் வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரியேயன்றி எல்லா ஆண்களின் சராசரியன்று. 2019-இன் கணக்கில் அவ்விதம் கைவைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேரே. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர். எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கம் அதற்கு ஒரே காரணமென்று சொல்ல முடியாது. எனினும் கீரையும் பருப்பும் தீர்ந்தபின் சட்டியில் என்ன மிஞ்சும் என்பது வீட்டிலுள்ளோர் அறியாததன்று.

வேலையைக் குறைக்கும் உபாயங்கள் வரவில்லையா என்று கேட்கலாம். வந்தன. 1955-இல் கோயமுத்தூரில் சபாபதி என்பவர் மாவரைக்கும் மின்சார இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்த தலைமுறையின் தோள்வலி அதனால் நீங்கிற்று. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டுவந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் காவேரித் தண்ணீரைக் கொணர்ந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்து அரசாங்க ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், மேற்சொன்ன உதாரணத்தில் 3-ஆம் வகுப்புப் பையனுடைய காலைச் சிற்றுண்டியைத் தாயின் கையினின்று எடுத்துக்கொண்டது. இவ்வாறு மிச்சப்பட்ட நேரம் எங்கே போயிற்று? ஒரு பசு இரண்டு பசுவாயிற்று. புழக்கடை ரோஜாவுக்கு மருந்தடிக்கும் வேலை வந்தது. இட்லிக்கு இரண்டு வகைச் சட்னி என்றாயிற்று. மிச்சப்பட்ட நேரம் அவளுடைய பேரில் வரவு வைக்கப்படாமல் பொதுச் செலவில் கரைந்தது. சங்கத்தில் ஓர் அங்கத்தினரின் சேமிப்பை அவரைக் கேளாமலே மற்றவர் கணக்கில் சேர்த்தால் மகாசபை சும்மா இராது.

ஆதலால் குடித்தனத்தில் கிரமம் ஏற்பட வேண்டுமாயின், முதலில் மாறுவன எவை, மாறாதன எவை என்று பிரித்தறிதல் வேண்டும். ஷிப்டு மாறும், அதை ஆலையே நிர்ணயிக்கிறது. தண்ணீர் வரும் நாள் மாறும். மாம்பழப் பருவத்தில் தோப்பு வேலையும் கூழ் ஆலை வேலையும் வந்து எல்லாவற்றையும் கலைக்கும். மாறாதவை மூன்றே: காலைக் கறவை, மாலைக் கறவை, விளக்கு வைத்தபின் குழந்தைகள் படிக்கும் நேரம். நாளை இம்மூன்று முளைகளில் கட்டிவிட்டால், இடையிலுள்ளது கொஞ்சம் அலைந்தாலும் கெடுதியில்லை. சில வீடுகளில் காலை 4 மணி முதல் இரவு 10 வரை ஒவ்வொரு அரைமணிக்கும் ஒரு காரியம் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். அது ஒரு வாரம் நடக்கும்; எட்டாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததும் தாள் கிழியும். கிரமம் என்பது ஆலையின் சங்கு அன்று. மாட்டைக் கட்டிய கயிற்றைப்போலச் சிறிது நீளம் விட்டே அதைக் கட்டவேண்டும்.

அடுத்தது, ஒவ்வொரு முளைக்கும் ஒரு பொறுப்பாளியை நியமித்தல். "உதவி செய்தல்" என்ற சொல் இங்கே உதவாது. உதவி செய்பவன் தனக்குத் தோன்றும்பொழுது செய்வான். நினைவு வைத்துக்கொள்ளும் பாரம் மட்டும் இல்லாளிடமே நிற்கும். உப்புத் தீர்ந்தது, பையனுக்குத் தடுப்பூசி நாள், பள்ளியில் கையெழுத்து, சங்கத்துப் பட்டுவாடா நாள் என்று இவை யாவையும் ஒரே தலையில் சுமப்பதுதான் பாதி அலுப்பு. காரியத்தை ஒப்புக்கொண்டவன் அதன் நினைவையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேற்படி குடும்பத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். முதல் ஷிப்டு வாரத்தில் கணவன் பகல் 3 மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிறான். மாலைக் கறவையும் சங்கத்துக்குப் பால் ஊற்றுதலும் அவனுடையவை. இரண்டாவது ஷிப்டு வாரத்தில் காலையில் அவனுக்கு அவசரமில்லை. 7 மணி நேரம் உறங்கி எழுந்து, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், தீவனம் அறுப்பதும் அவனுடையவை. இரவு ஷிப்டு வாரத்தில் அவனிடம் ஒன்றும் கேட்கலாகாது. இருட்டான அறையில் காலை 8 மணி முதல் பிற்பகல் 2 மணிக்கு மேலும் கலையாமல் உறங்குவது அவனுக்கும், அவன் நிற்கும் இயந்திரத்தருகில் உள்ளோருக்கும் க்ஷேமம். தூக்கக் கலக்கத்தில் கைவிரலை இழந்தபின் குடும்பத்துக்குக் கிரமம் எங்கிருந்து வரும்? அந்நேரத்தில் வாசலுக்கு வருவோருக்கு விடை சொல்லி அனுப்புதல் மாமியாரின் பொறுப்பு. இரண்டு ஆடவர் சொல்லியும் கேளாத விருந்தாளி ஒரு கிழவி சொன்னால் கேட்பான்.

இரண்டாவது ஷிப்டு வாரத்து இரவு உணவே இதில் முக்கியமானது. மனைவி 9-30-க்குப் படுத்து, கணவன் தானே எடுத்து உண்டால், 9-30 முதல் 11-45 வரை 2¼ மணி நேரம் அவளுக்கு மிஞ்சுகிறது. வாரத்தில் 6 இரவுகளுக்கு 13½ மணி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும் இந்த ஷிப்டு வருஷத்தில் ஏறக்குறைய 17 வாரம் வருமாதலால், மொத்தம் ஏறக்குறைய 230 மணி நேரம். ஒன்பதரை நாளுக்குச் சமமான உறக்கம், ஒரு சோற்றுப் பாத்திரத்தை மூடி வைப்பதனால் கிடைக்கிறது. ராகிக் களி ஆறினால் இறுகிவிடும். ஆதலால் அவ்வாரத்தில் களியை நண்பகலுக்கு வைத்துக்கொண்டு இரவுக்குச் சோறும் குழம்பும் ஹாட் பாக்ஸில் வைத்தால் போதும். மிஞ்சிய களி மறுநாள் மோரில் கரைந்து காலைக் கூழாகும். ஆலைக் கேன்டீனில் வயிறார உண்டு வரும் புருஷனுக்கும் விழித்திருந்து ஒரு பிடி பரிமாற வேண்டுமென்ற வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது அன்பினால் வந்ததாயினும், 4-30-க்கு எழவேண்டிய ஒருத்தியிடம் அந்த அன்பைக் கேட்டு வாங்குவது நியாயமாகத் தோன்றவில்லை.

கறவையைக் கைமாற்றுவதில் ஒரு எச்சரிக்கை. பழகிய கைக்கே பசு பாலைத் தரும். திடீரென்று கணவன் போய் உட்கார்ந்தால் அரை லிட்டர் குறையும், உடனே "இது உமக்கு ஒத்துவராது" என்று அவள் செம்பை வாங்கிக்கொள்வாள். அதனுடன் சீர்திருத்தம் முடிந்துவிடும். முதல் சில நாட்கள் அவள் கறக்கும்போது அவன் அருகில் நின்று தீனி வைத்துத் தடவிக் கொடுக்கவேண்டும். பிறகு மடி கழுவுதல் அவனுடையது, அதன்பின் கறவை. கறவை நேரத்தை மாற்றலாகாது. இரண்டு கறவைக்கும் இடையே காலம் குறைந்தால் பாலளவு குறைந்து கொழுப்புச் சத்து மிகும். நீண்டால் பாலளவு மிகுந்து கொழுப்புக் குறையும். நாளுக்கு நாள் நேரம் மாறினால் சங்கத்துச் சோதனைக் கருவி அதைக் காட்டிக்கொடுக்கும்.

புருஷர் அடுப்படியில் நிற்பது வழக்கமில்லையே என்ற ஆட்சேபம் பெரியவர்களிடமிருந்து வரும். கல்யாணப் பந்தியில் அண்டா கிளறுபவர் யார்? ஓட்டலில் தோசை வார்ப்பவர் யார்? கூலி உள்ள இடத்தில் ஆடவருக்கு உரியதாயிருக்கும் கரண்டி, கூலியில்லாத இடத்தில் மாத்திரம் அவர் கைக்கு ஏன் ஒவ்வாமற் போகிறது என்பதற்கு இதுவரை திருப்தியான விடை கிடைக்கவில்லை.

இதைவிடக் கேடானது வேறொன்று. தாயின் சுமையைக் குறைக்க வேண்டுமென்று வீட்டார் தீர்மானித்ததும், அச்சுமை ஓசையின்றி 8-ஆம் வகுப்புப் பெண்ணின் தலைக்கு நகர்கிறது. பையன் தெருவில் பந்தாட, அவள் சாணி வாருகிறாள். இரண்டு வருஷத்தில் 10-ஆம் வகுப்புப் பரீட்சை. அதில் தவறினால் அடுத்த பேச்சு கல்யாணப் பேச்சாகவே இருக்கும். இதை அஞ்செட்டி, தளி மலைப்பக்கத்துப் பள்ளிக்கூட உபாத்தியாயர்கள் நன்கு அறிவர். ஆகையால் வேலையைப் பிரிக்கும்போது பெண்ணுக்கும் பையனுக்கும் வயதுக்கேற்ற பங்கு இருக்கட்டும். விளக்கு வைத்தபின் இருவருக்கும் ஒரு வேலையும் வேண்டாம். தண்ணீர்க் குடம் பையனாலும் தூக்கக் கூடியதே.

வீட்டினின்று ஒரு பெண் சிறிது நேரம் விலகினால் குடித்தனம் நின்றுவிடும் என்ற பயம் இந்த ஜில்லாவில் பொய்த்துப்போனதற்குச் சரித்திரமே சாட்சி. தமிழ்நாட்டில் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலாக 1989-இல் அன்றைய தர்மபுரி ஜில்லாவிலேதான், சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியின் உதவியோடு, மாநிலத்துப் பெண்கள் மேம்பாட்டுக் கழகத்தால் தொடங்கப்பட்டன. கிருஷ்ணகிரியும் ஓசூரும் அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்தவையே. 12 முதல் 20 பெண்கள் வரை கூடி, குறித்த நாளில் சிறுதொகை சேமித்து, தீர்மானப் புத்தகம் எழுதி, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்டனர். ஊக்குநர், பிரதிநிதி என்று தங்களில் சிலரைத் தெரிந்தெடுத்தனர். அப்பணத்தின் கணக்கைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நேரத்தின் கணக்கை எழுதியோர் குறைவு. குறித்த கிழமையில், குறித்த மணிக்கு, ஒரு பெண் அடுப்பை விட்டுவிட்டு வெளியே போகலாம் என்பதை வீடு ஒப்புக்கொண்டது. குழந்தையை யாரோ பார்த்துக்கொண்டார்கள். பால் பொங்கி வழியவில்லை. வழிந்த வீடுகளிலும் மறு வாரம் யாரோ ஒருவர் அடுப்பருகில் நின்றிருப்பார். 1997-இல் மகளிர் திட்டமாக அது மாநிலமெங்கும் பரவியபோது, அந்த ஒரு மணி நேரமும் கூடவே பரவிற்று.

இனி இனிமையைப் பற்றி. கிரமம் இருந்தும் இனிமையற்ற வீடுகள் உண்டு. அங்கே எல்லாம் நேரத்தில் நடக்கும். எவரும் எவரோடும் பேசார். கிரமத்தால் மிச்சப்படும் நேரத்தில் ஒரு பகுதியை மறுபடி வேலையால் நிரப்பாமல் வெறுமையாகவே விட்டுவைக்க வேண்டும். கணவன் முதல் ஷிப்டிலோ, வார விடுமுறையிலோ இருக்கும் நாட்களில் எல்லோரும் ஒரே சமயத்தில், இல்லாளும் சேர்ந்து, உட்கார்ந்து உண்பது அதற்கு எளிய வழி. சட்டியை நடுவில் வைத்துவிட்டால் பரிமாறுவோர் தனியே வேண்டியதில்லை. இந்த எல்லைப்புறத்து வீடுகளில் மாமியார் தெலுங்கிலும் மருமகள் தமிழிலும் அண்டை வீட்டார் கன்னடத்திலும் பேசுவது சகஜம். பையனுக்கு மூன்று பாஷையில் மூன்று விதமாகக் கதை கேட்கும் பாக்கியம் திண்ணையிலேயே இருக்கிறது. அதைக் கைப்பேசியின் சிறு திரைக்கு விட்டுக்கொடுப்பது நஷ்டம். மழைக்குப்பின் திண்ணையில் வறுத்த கடலையோடு அரைமணி சும்மா இருப்பதையும் வீண் பொழுதென்று கருதலாகாது. ஓயாது உழைப்பவருக்குச் சும்மா இருக்கவும் ஒரு நேரம் குறித்து வைத்தாலன்றி அது கிடைப்பதில்லை.

சங்கங்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. மாலைப் பால் சேகரிப்பை அரைமணி முன்பின் நகர்த்தினால் முதல் ஷிப்டு முடிந்து வருவோர் தாமே பால் ஊற்ற முடியுமா என்று நிர்வாகக் குழு அங்கத்தினரைக் கேட்கலாம். மகாசபைக் கூட்டத்தைக் காலை 10 மணிக்கு வைத்துவிட்டுப் பெண் அங்கத்தினர் வரவில்லை என்று குறை கூறுவதில் பயனில்லை. அந்நேரம் அவர்கள் காட்டில் இருப்பார்கள். பட்டுவாடா நாள் நிச்சயமாக இருந்தால் வீட்டுச் செலவுக்கும் ஒரு நிச்சயம் வரும். அடுத்த கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு அங்கத்தினரும், தம் வீட்டில் சென்ற வாரம் யார் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொணர்க. பசுவின் கணக்கு வேண்டாம். அது சங்கத்துப் புத்தகத்தில் இருக்கிறது.